கொம்பனும் பொன்னாச்சியும்: மலைமேல் நின்ற வீரக்கதைகள்

(கோத்தகிரியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இடைக்கால வீரக்கதைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். குதிரை, வாள், கொடுத்த வாக்கு, காட்டில் வேட்டை, களத்தில் சாவு. ஐரோப்பாவில் ஆர்தர் மன்னனின் கதையாக வந்ததும், கொங்கு நாட்டில் பொன்னர் சங்கர் கதையாக வந்ததும் இந்தச் சரக்குதான். ஆனால் நான் புத்தகத்திலிருந்து தொடங்கப் போவதில்லை. ஒரு தகரப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

என் தாத்தா இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும் என்று கணக்குப் பிரித்தார்கள். எங்கள் குடும்பம் இந்தியக் கணக்கில் விழுந்தது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. பின்னால் அது டேன்டீ என்ற அரசு நிறுவனம் ஆயிற்று. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கிய தாத்தாவின் தகரப் பெட்டியில் இரண்டு கம்பளி, ஒரு குத்துவிளக்கு, பாட்டியின் சேலைகள், அவற்றுக்கு அடியில் ஒரு வாள் இருந்தது. மரவாள். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளைக் கிழித்து அதன்மேல் சுற்றியிருந்தார்கள். சங்கர் வேஷத்துக்கு உரிய வாள் அது.

மலையகத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் மூன்றும் அங்கே லயம் என்ற வரிசை வீடுகளில் வாழும் மக்களின் சொத்து. இரவு முழுக்க ஆட்டம். காலையில் பிரட்டு என்ற வேலை வருகைப் பதிவுக்குப் போக வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் ஆடுவார்கள் என்று பாட்டி சொல்வார். நான் பார்த்தது இங்கே, கோத்தகிரிப் பக்கத்து லைன் வீடுகளின் முன்னால் இருந்த சின்ன மைதானத்தில். பெட்ரோமாக்ஸ் விளக்கு. பனி இறங்கி விளக்கைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம். கோணிச் சாக்கை வைக்கோலால் அடைத்துச் செய்த கொம்பன் என்ற காட்டுப் பன்றி. அதைப் பார்த்து அலறிய பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

கொம்பனைக் கொல்லச் சங்கர் போகிறார். கூட்டம் கூட்டமாக வேட்டை நாய்கள் போகின்றன. வீட்டில் ஒரு சின்னப் பெண் நாய் இருக்கிறது, பொன்னாச்சி. இத்துனூண்டு நாய் எதற்கு என்று அதை விட்டுவிட்டுப் போகிறார்கள். அதற்கு மனம் நொந்து போகிறது. வேட்டை தோற்கிறது. கடைசியில் சங்கரே அந்த நாயைத் தேடி வர வேண்டியதாகிறது. பொன்னாச்சி பன்றியின் பின்பக்கம் பாய்ந்து உயிர்நிலையில் கவ்விக்கொள்கிறது. அதன் பிறகே பன்றி விழுகிறது. எட்டு வயதில் அந்தக் காட்சியில் நான் கைதட்டியதைப் போல் வேறு எதற்கும் தட்டியதில்லை. மற்றப் பிள்ளைகளும் அப்படித்தான்.

பல வருஷம் கழித்து, கல்லூரியில் படிக்கும்போது ஆர்தர் கதையின் வரலாற்றைத் தேடிப் போனேன். வட்டமேசை, லான்சலட், புனிதக் கிண்ணம் என்று நமக்குத் தெரிந்ததெல்லாம் பின்னால் சேர்ந்தவை. ஆர்தர் என்ற பெயரைச் சொல்லும் மிகப் பழைய நூல்களில் ஒன்று, ஒன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டில் லத்தீனில் எழுதப்பட்ட பிரித்தானியர் வரலாறு. அதில் ஆர்தர் மன்னன்கூட இல்லை. மன்னர்களோடு சேர்ந்து நின்று பன்னிரண்டு போர் நடத்திய படைத்தலைவன், அவ்வளவுதான். அந்த நூலின் கடைசியில் நாட்டின் அதிசயங்கள் என்று ஒரு பட்டியல் வருகிறது. அதிலே ஒரு கற்குவியல். குவியலின் உச்சியில் ஒரு கல். அந்தக் கல்லில் நாயின் காலடித் தடம். ட்ரோய்ன்ட் என்ற பெரும் பன்றியை ஆர்தர் வேட்டையாடியபோது அவருடைய நாய் காபல் அதில் கால் வைத்ததாம். அந்தக் கல்லை யாராவது எடுத்துக்கொண்டு போனால் ஒரு பகலும் ஓர் இரவும் அவர்களிடம் இருக்கும். மறுநாள் பார்த்தால் குவியலின் மேலேயே திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும் என்கிறது அந்த நூல்.

அதைப் படித்தபோது நூலகத்தில் எனக்கு மேல் சிலிர்த்தது. பன்றி, நாய், கல். மைதானத்தில் நான் கைதட்டிய காட்சி, ஏழு கடல் தாண்டி, ஆயிரத்துக்கு மேற்பட்ட வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லில் கிடக்கிறது. அங்கிருந்து இங்கே வந்தது, இங்கிருந்து அங்கே போனது என்றெல்லாம் நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதற்கு ஆதாரம் ஏதும் கிடையாது. விளைநிலத்தை உழுது நாசம் பண்ணும் பன்றியும், மனிதனோடு காட்டுக்குள் போகும் நாயும் இருந்த நாடுகள் இரண்டும். கதை இரண்டு இடத்திலும் தானாகவே முளைத்திருக்கும். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. வீரக்கதைக்கு அடிவாரம் எது என்பது அங்கே தெரிந்தது. ஒரு மிருகம், ஒரு சாவு, ஓர் இடம், அந்த இடத்தைக் காட்ட ஒரு கல். குதிரையும் கவசமும் பெருமாட்டியும் கொடியும் அந்தக் கல்லின் மேல் பிற்காலத்தவர் சாத்திய மாலைகள்.

ஆர்தர் கதையில் அந்த மாலைகளைத் தேதி போட்டுச் சொல்லிவிடலாம். 1130-களில் மன்மத் ஊர் ஜெஃப்ரி அவரைப் பேரரசராக்கினார். 1155-ல் வாஸ் என்ற கவிஞர் வட்டமேசையைக் கொண்டுவந்தார். அதே நூற்றாண்டின் பிற்பாதியில் பிரெஞ்சுக் கவிஞர் க்ரெத்தியான் லான்சலட்டின் காதலையும் புனிதக் கிண்ணத்தையும் சேர்த்தார். மாலரி எல்லாவற்றையும் ஆங்கில உரைநடையில் கோத்தார்; காக்ஸ்டன் 1485-ல் அச்சிட்டார். இங்கிலாந்தின் வின்செஸ்டர் மண்டபத்தில் இன்றும் சுவரில் ஒரு பெரிய வட்டமேசைப் பலகை தொங்குகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் செய்த மரப்பலகை. எட்டாம் ஹென்றி காலத்தில் அதற்கு வண்ணம் பூசி, 24 வீரர்களின் பெயரைச் சுற்றிலும் எழுதி, நடுவில் ஆர்தரை உட்கார வைத்தார்கள். அந்த ஆர்தரின் முகம் ஹென்றியின் முகம். ஆள்கிறவர் தன் முகத்தைப் பழைய வீரன் மேல் ஒட்டிக்கொள்வது எல்லா நாட்டிலும் நடந்திருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் மறுபடி ஆர்தரைப் பாடினார். அவருடைய அண்டை வீட்டுக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரன், ஒளிப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். அந்தப் பாடல்களுக்கு 1874-ல் ஒளிப்படங்கள் எடுத்தார். வீட்டுக்கு வந்தவர்களையும் ஊர்க்காரர்களையும் வேஷம் கட்டவைத்தார். ஆர்தர் மன்னனாக நின்றவர் பக்கத்துப் படகுத்துறையில் சுமை தூக்கிய ஒரு தொழிலாளி. நாடகக் கவசம், நாடக வாள். அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஈயத்தாள் சுற்றிய தாத்தாவின் வாள்தான் கண்ணில் நின்றது. இதைவிட ஆச்சரியம், அந்த அம்மையார் 1875-ல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அவர்களுக்கு அங்கே காப்பித் தோட்டங்கள். அங்குள்ள எளிய மக்களையும் படம் பிடித்தார். 1879-ல் டிக்கோயாவில் இறந்தார். பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கம். மஸ்கெலியாவுக்கு அது அடுத்த பள்ளத்தாக்கு. ஆர்தருக்கு முகம் கொடுத்தவர் உறங்கும் மலையில்தான் என் தாத்தா சங்கராக ஆடினார்.

பொன்னர் சங்கர் என்ற அண்ணன்மார் கதையை இங்கே எல்லோரும் அறிவீர்கள். அதனால் முழுக்கச் சொல்லவில்லை. உடுக்கை அடித்துப் பாடும் பாட்டு அது. 1965-ல் கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்து இரவுக்கு இரவு பாடக்கேட்டு ஒலிநாடாவில் பதிந்தார். கவிஞர் சக்திக்கனல் அதை ஏட்டிலிருந்து பதிப்பித்தார். கலைஞர் நாவலாக எழுதினார். 2011-ல் அது திரைப்படமாகவும் வந்தது. வளநாடு என்ற சிறிய நாடு. அண்ணன் பொன்னர், அமைதியானவர். தம்பி சங்கர், வாளை உறையிலிருந்து எடுத்தால் திரும்ப வைக்கத் தெரியாதவர். தங்கை அருக்காணித் தங்காள், நடக்கப்போவது அவளுக்கு முன்கூட்டியே தெரியும். எதிரே காட்டு வேட்டுவர். கொம்பன் அவர்கள் வளர்த்த பன்றி. அண்ணன்மார் மணம் முடித்தும் மனைவியரைத் தீண்டாமல் வாழ்ந்தவர்கள். புனிதக் கிண்ணத்தை முழுமையாகக் காணும் பேறு கலகாத் என்ற பிரமசாரிக்கு மட்டும் கிடைத்ததாகப் பிரெஞ்சுக் கதை சொல்லும். வீரத்தையும் விரதத்தையும் ஒன்றாக முடிச்சுப் போடுவது இரண்டு மரபிலும் உண்டு.

தங்கை விஷயம் அதைவிட ஆழமானது. மாலரி சொல்லும் முடிவில், காயம்பட்ட ஆர்தரைப் படகில் ஏற்றிச் செல்லும் அரசியரில் அவர் சகோதரி மார்கனும் இருக்கிறாள். நம் கதையில் தங்காள் காடெல்லாம் அழுதுகொண்டு அலைந்து, அண்ணன்மார் செத்து விழுந்து கிடக்கும் படுகளத்துக்குப் போய்ச் சேர்கிறாள். தெய்வத்திடம் வரம் வாங்கி, நீர் தெளித்து அண்ணன்களை எழுப்புகிறாள். அவர்கள் கொஞ்ச நேரம் எழுந்து பேசுகிறார்கள், பிறகு போய்விடுகிறார்கள். மணப்பாறை வட்டாரத்தில் வீரப்பூரில் மாசி மாதம் நடக்கும் திருவிழாவுக்குப் போனவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். மாவீரனின் சாவை மனைவியிடமோ காதலியிடமோ கொடுக்காமல் கூடப் பிறந்தவளின் மடியில் வைத்த கதைகள் இவை. அந்த உறவின் அருமை தெரிந்தவர்கள்தான் இதைக் கட்டியிருக்க வேண்டும்.

இனிக் கல்லுக்கு வருகிறேன். நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான்.

தொல்காப்பியம் புறத்திணையில் நடுகல்லுக்கு ஆறு படிகள் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. ஏற்ற கல்லைத் தேடிக் காண்பது முதல், அதைக் கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை. ஆறாவது படியான வாழ்த்திலேதான் பாட்டு பிறக்கிறது. அதற்கு முந்தைய ஐந்தும் கையால் செய்யும் வேலை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த மூன்று நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. அவற்றில் ஒன்று ஆகோள் பூசலைச் சொல்கிறது. ஆநிரை கவர்ந்த சண்டையில் விழுந்தவனின் கல். படம் இல்லை, பெயரும் சேதியும் மட்டும்தான். பல்லவர் காலத்துக்கு வரும்போது எழுத்தோடு உருவமும் சேர்ந்துவிடுகிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழகத் தொல்லியல் துறை 1972-ல் நூலாக்கியது. அந்த வட்டாரத்து எடுத்தனூர்க் கல்லைப் பற்றி என் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். முதலாம் மகேந்திரவர்மனின் 34-வது ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்தி என்ற இளைஞன் தன் எருமைகளைக் காக்கும் சண்டையில் செத்துப்போனான். கல்லில் வில்லோடு அவன். பின்னால் ஒரு நாய். நாயின் பெயர் கோவிவன் என்று எழுத்து சொல்கிறது; இரண்டு திருடர்களைக் கடித்து, அவன் பக்கத்திலேயே காத்து நின்றதாம்.

நாய்க்குப் பெயர் வெட்டிய சிற்பியின் கையை நினைத்துப் பாருங்கள். ஆர்தரின் காபல், கொங்கு நாட்டுப் பொன்னாச்சி, செங்கத்துக் கோவிவன். மூன்றிலும் என் மனம் போய் நிற்பது கோவிவனிடம்தான். மற்ற இரண்டும் கதையில் வாழ்கின்றன. இது உண்மையிலேயே குரைத்த நாய்.

நம் மலையில் இருக்கும் நினைவுக் கற்கள் இன்னொரு வகை. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் இங்குள்ள தொல்குடிகளையும் பழஞ்சின்னங்களையும் ஆராய்ந்தார். 1872-ல் இறந்துபோனார். அவருடைய மனைவி கையெழுத்துப் படியைச் சரிபார்த்து 1873-ல் லண்டனில் வெளியிட்டார், ஒளிப்படத் தகடுகளோடு. ஊட்டியில் அவர் நினைவாகப் பள்ளிக்கூடம் இருக்கிறது. கேமரன் அம்மையார் வேஷம் கட்டிய ஆர்தரைப் படம் எடுத்ததற்கு ஒரு வருஷம் முந்திய புத்தகம் இது. சோலூர், மேலூர் போன்ற ஊர்களின் பக்கத்தில் சிற்பம் செதுக்கிய கல்திட்டைகளை அதில் காணலாம்.

கல்திட்டை என்றால் மூன்று பக்கம் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல், முன்பக்கம் திறப்பு. ஒரு சின்ன அறை மாதிரி. அதன் உள்பக்கச் சுவரில் அடுக்கடுக்காக உருவங்கள். வரிசையாக நிற்கும் ஆண்கள், பெண்கள். வில்லேந்தியவன். குதிரைமேல் இருப்பவன். மாடு. மேலே சூரியனும் பிறையும். செதுக்கல் ஆழமாக இருக்காது. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் உருவம் எழுந்து நிற்கும், உச்சி வெயிலில் மறைந்துவிடும். பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்கள் இந்த நேரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் முறை சமவெளி வீரக்கற்களிலிருந்து நமக்குக் கிடைக்கிறது. கர்நாடகத்திலும் நம் வடமேற்கு எல்லையிலும் வீரக்கல்லைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடித்தட்டில் சண்டை. நடுத்தட்டில் விழுந்தவனைத் தேவமகளிர் தூக்கிச் செல்கிறார்கள். மேல்தட்டில் சிவலிங்கத்தின் முன் கும்பிட்டு உட்கார்ந்திருக்கிறான். சூரியனும் சந்திரனும் உள்ளவரை இந்த நினைவு நிற்கும் என்பதற்கு உச்சியில் அந்த இரண்டும். பக்கத்தில் ஒரு கை மட்டும் உயர்ந்து, வளையல் கலையாமல் இருந்தால் அவனோடு தீப்பாய்ந்தவளும் உண்டு என்று பொருள். அந்தக் கையைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும். அதைப் பெருமை என்று சொல்ல என் வாய் வராது. அவளுக்கு முகமே வெட்டவில்லை.

நீலகிரியின் கல்திட்டையில் எழுத்து அரிது. பெயர் கிடையாது. பிரீக்ஸ் காலத்திலேயே தோடர்கள் அவற்றைத் தங்களுடையவை என்று உரிமை கொண்டாடவில்லை. ஆனால் வழிபாடு நிற்கவில்லை. குறும்பர்களிடம் ஒரு வழக்கம் பதிவாகியிருக்கிறது. ஒருவர் இறந்துபோனால் ஆற்றில் உருண்டு வழுவழுப்பான ஒரு கல்லை எடுத்துவந்து பழைய கல்திட்டைக்குள் வைப்பார்கள். தேவகொட்டகல்லு என்று அதற்குப் பெயர். பர்லியாறு பக்கம் அந்த இடத்தைச் சாவுமனை என்றார்கள். யாரோ ஒரு வீரனுக்கு என்றோ எடுத்த வீட்டில், தங்கள் பாட்டனையும் பாட்டியையும் குடியேற்றிக்கொண்டே போகிறார்கள். தொல்காப்பியம் சொன்ன காட்சியும் நீர்ப்படையும் நடுதலும் இந்தக் கைகளில் உயிரோடு இருக்கின்றன. வாழ்த்துப் பாட்டுத்தான் எங்கோ உதிர்ந்துவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அண்ணன்மார் கதை உழுதவர்களின் கதை. காடு அதில் பகை. வேட்டுவர் வில்லன்கள். ஐரோப்பியக் கதையிலும் காட்டுக்குள் இருப்பவன் பெரும்பாலும் அரக்கன் அல்லது கொடியவன். சிறுவயதில் நானும் வேட்டுவர் வந்தால் கூச்சல் போட்டேன். ஆனால் காட்டை அழித்து வயலும் பிறகு தேயிலையும் வைத்த மலையில் இருந்துகொண்டு இந்தக் கதையைக் கேட்கும்போது, வேட்டுவர் பக்கத்தில் நின்று யார் பாடினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. அவர்கள் பார்வையில் கொம்பன் காட்டின் காவல்காரன். காட்டுக் குடியான குறும்பர்கள், கல்லில் இருக்கிற வில்லேந்தியவனின் வீட்டை இவ்வளவு காலம் காத்து வந்திருக்கிறார்கள் என்பது, உடுக்கைப் பாட்டுக்கு இந்த மலை சொல்லும் பதில் என்றே எனக்குப் படுகிறது. சாம்புகனையும் நினைக்க வேண்டும். அண்ணன்மாரின் சேவகன், பறை முழக்கிப் போன தோழன், பாதி வேலையைச் செய்து முடித்தவன். தோட்டத்தில் ஆடும்போது தப்பு அடிக்கிறவர்களுக்குச் சாம்புகன் வரும் கட்டம் என்றால் கையே வேறு மாதிரி விழும். ஊர்க் கதையில் பின்னால் நின்றவனை லயத்து மக்கள் முன்னால் இழுத்து வந்தார்கள்.

குதிரையைப் பற்றிக் கேட்பீர்கள். ஐரோப்பிய மொழிகளில் இந்த வீரமரபின் பெயரே குதிரைக்காரன் என்ற சொல்லிலிருந்து வந்தது. நம்மிடமும் ராவுத்தர் என்ற சொல் இருக்கிறது. மாணிக்கவாசகருக்காகச் சிவபெருமான் ராவுத்தராகக் குதிரை ஓட்டி வந்த கதையை ஆவுடையார்கோயிலில் சிற்பமாகவே பார்க்கலாம். சீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் பாயும் குதிரைகளின் மேல் வீரர்கள் ஈட்டியோடு நிற்கிறார்கள். நீலகிரிக்குக் குதிரை எப்போது வந்தது? 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, ஹொய்சள விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைப்பற்றியதாகச் சொல்கிறது. தோடர் என்ற பெயர் வெளியுலகத்தின் எழுத்தில் தலைகாட்டும் இடம் அது. மலையடிவாரத்தில் தண்ணாயக்கன் கோட்டையை ஆண்ட ஹொய்சளத் தளபதிகள் ராவுத்தராயன் என்றும், நீலகிரியை அடக்கியவன் என்றும் பட்டம் பூண்டார்கள். அந்தக் கோட்டை இன்று பவானிசாகர் அணையின் தண்ணீருக்கு அடியில். கோடை முற்றி நீர் வற்றினால் கோயிலின் மேற்பகுதி தெரியும்.

அவர்களுக்கும் முந்தியவை மண் குதிரைகள். பிரீக்ஸும் மற்றவர்களும் மலை உச்சிகளில் இருந்த கல்வட்டப் புதைகுழிகளைத் தோண்டியபோது, தாழி மூடிகளின் மேல் சுடுமண் உருவங்கள் கிடைத்தன. எருமை, மயில், சிறுத்தை, குதிரைமேல் ஆள். அவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டனிலும் இருக்கின்றன. சென்னைக்குப் போகிறவர்கள் கட்டாயம் பாருங்கள். குதிரை விறைப்பாக இருக்கும். பார்த்துப் பழகாத கை செய்தது போல. எருமையைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. கழுத்தைத் திருப்பி மோப்பம் பிடிக்கிற எருமை. அந்தக் குயவர் அதைத் தினம் பார்த்தவர்.

தோடர்களிடம் வீரம் எருமையில் இருந்தது. இழவுச் சடங்கில் இளைஞர்கள் வெறுங்கையோடு ஓடிச் சென்று எருமையின் கொம்பைப் பிடித்து அடக்குவார்கள். எமனோ என்ற மொழியியலாளர் 1930-களில் இங்கே தங்கிச் சேகரித்து, 1971-ல் வெளியிட்ட தோடர் பாடல் தொகுதி, இரட்டை இரட்டையாக அடுக்கி வரும் சொற்றொடர்களால் ஆனது. எருமைகளின் பெயர், மந்து என்ற தோடர் ஊரின் பெயர், சோலையின் பெயர் அதில் வந்துகொண்டே இருக்கும். மானிடவியலாளர் ரிவர்ஸ் தோடர்களைப் பற்றி 1906-ல் வெளியிட்ட நூலில் குவோட்டோ என்ற தோடர் வீரனின் கதை இருக்கிறது. தெய்வங்கள் சவால் விட்டபோது சூரியனையே சங்கிலியால் கட்டி இறக்கியவன். போர்க்கருவி தோடர்களிடம் எங்கே போயிற்று தெரியுமா? கருவுற்ற மனைவிக்குக் கணவன் சிறு வில்லும் அம்பும் செய்து கொடுப்பான். அந்தக் குழந்தைக்குத் தகப்பன் யார் என்பதை ஊரறியச் சொல்லும் சடங்கு அது. கொல்வதற்குப் பிறந்த வில், பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் அடையாளமாக நின்றுபோயிருக்கிறது. உலகத்தில் எந்த வீரக்கதையிலும் ஆயுதத்துக்கு இவ்வளவு அழகான முடிவை நான் பார்த்ததில்லை.

இந்தக் கற்கள் இன்று இருக்கும் நிலையைச் சொல்லாமல் போக முடியாது. கரிக்கியூர்ப் பாறை ஓவியங்களின் மேல் வந்தவர்கள் பெயர் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். கல்திட்டையின் பலகைக் கல் பாலத்துக்கும் படிக்கட்டுக்கும் வாகாக இருக்கிறது. பக்தியோடு எண்ணெய்ப் பெயின்ட் அடிக்கிறவர்களும் உண்டு. அவர்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. பெயின்ட் வேண்டாம், தண்ணீரும் பூவும் போதும், சாமிக்கு மூச்சு முட்டும் என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். குன்னூர் தாண்டி ஒரு தோட்டத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே வில்லோடு நிற்கும் ஒரு கல்லை எனக்குத் தெரியும். கொழுந்து பறிக்கும் பெண்கள் காலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதன்மேல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார்கள். வேட்டைக்காரசாமி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏன்ம்மா இவருக்கு ஊத்துறீங்க என்று கேட்டேன். வயதில் மூத்த ஒருவர் சொன்னார்: “யாரு பெத்த புள்ளையோ டீச்சரம்மா, நடுக்காட்டுல செத்துக் கெடக்கு.”

எங்கள் மைதானத்தில் கூத்து விடியும் நேரத்தில்தான் படுகளத்துக்கு வரும். தாத்தா ஈர மண்ணில் மல்லாந்து கிடப்பார். சங்கர் செத்துப்போய்விட்டார். தங்காள் வேஷம் கட்டிய சித்தப்பா ஒப்பாரி சொல்லி அழுவார். சுற்றி நிற்கும் பெண்களும் அழுவார்கள், தங்கள் வீட்டுச் சாவுகளை நினைத்து, மன்னாருக்கு அப்பால் விட்டு வந்தவர்களை நினைத்து. தங்காள் நீர் தெளிக்கும்வரை தாத்தா அசையக் கூடாது. பனி அவர் மீசைமேல் பொடிப்பொடியாகப் படிந்திருக்கும். எனக்குப் பயமாக இருக்கும். உண்மையிலேயே செத்துவிட்டாரோ என்று பாட்டியின் சேலையைப் பிடித்து இழுப்பேன். செம்புத் தண்ணீர் முகத்தில் விழும். தாத்தா கண்ணைத் திறப்பார், வாளைத் தரையில் ஊன்றி எழுந்து நிற்பார். பாட்டி ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, மறு கையால் சாயத்தண்ணி கோப்பையை அவரிடம் நீட்டுவார்.